அமிலத்தில் ஆவாரை

வேதியியல் ஆய்வகத்து வாசலில் ஒரு மரப்பெஞ்சு கிடக்கிறது. அதில் உட்கார்ந்தால் உள்ளே நடப்பதில் முக்கால்வாசி தெரியும். சங்கரன்கோவில் வட்டாரத்துக் கலைக் கல்லூரிகளில் ஒன்று. எது என்பது இங்கே முக்கியமில்லை. சொந்தக்காரப் பையனின் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்தாக மாலை ஆகும் என்றார்கள். எனக்கும் அவசரமில்லை.

உள்ளே இரண்டு பெண்கள். எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டாக இருக்க வேண்டும். வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போடாத தெனாவட்டு அந்த வருடத்தில்தான் வரும். ஒருத்தி விரல் நீளத்து இரும்புத் தகடுகளை எமரித் தாளில் தேய்க்கிறாள். முதலில் சொரசொரப்பான தாள், அப்புறம் நைசான தாள், கடைசியில் கையை உறுத்தவே உறுத்தாத தாள். விரல் நுனியெல்லாம் கரி. தகட்டில் முகம் தெரிய ஆரம்பித்ததும் அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒரு துடை. அதன் பிறகு கை படக் கூடாது. வியர்வையில் இருக்கிற உப்பே இரும்பைக் கெடுத்துவிடும். இடுக்கியில் பிடித்துக் கண்ணாடிக் கதவு போட்ட தராசுக்குள் வைக்கிறாள். ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு அது. காற்றடித்தால் எண் ஆடும்.

"அண்ணாச்சி, ஃபேன்."

லேப் அண்ணாச்சி எழுந்து போய் அணைக்கிறார். நெற்றியில் காய்ந்த புற்றுமண். காலையில் சங்கரநாராயணர் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருப்பார். மாசி வெயில் ஜன்னல் வழியே முழுசாக உள்ளே வந்து கிடக்கிறது. எண் நிலைத்து நிற்கிறவரை மூன்று பேரும் அசையாமல் நிற்கிறார்கள். அவள் நோட்டில் எழுதிக்கொண்டு தலையாட்டியதும் அண்ணாச்சி மறுபடி ஸ்விட்சைப் போடுகிறார். பதினைந்து தகட்டுக்கும் இதே கதை. அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

மற்றவள் இலைக்காரி. மேசையில் தினத்தந்தியை விரித்து, அதன் மேல் நிழலில் உலர்ந்த ஆவாரை இலை. கரிசல் ஓரத்தில் ஆவாரைக்குப் பஞ்சம் கிடையாது. சாலை ஓரத்தில் பஸ் புழுதியைத் தின்று வளர்கிற செடி. ஆடு கடிக்காது, யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், இருந்தும் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும். அவள் இலையை மிக்ஸியில் போட்டு ஓட்டுகிறாள்.

"ஏட்டி, இது யாரு வீட்டு ஜாரு?"

"எங்க வீட்டுதுதான். எங்கம்மைக்குத் தெரியாது."

"அதுலதானட்டி நாளைக்குச் சட்னி அரைக்கணும்?"

"கழுவிருவேன்லா."

பொடியைக் குடுவையில் போட்டு, தண்ணீர் விட்டு, மேலே குளிர்விக்கும் குழாயைப் பொருத்திக் கொதிக்க விடுகிறாள். ஆவி மேலே போய்க் குளிர்ந்து திரும்பக் குடுவைக்குள்ளேயே சொட்டுகிறது. ஏற்கெனவே காய்ச்சியதை இன்னொரு பக்கம் வடிதாளில் ஊற்றி வைத்திருக்கிறாள். சொட்டுச் சொட்டாக இறங்குவது நல்ல செம்பழுப்பு. அதில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விடுகிறாள். சட்டென்று கருத்துவிடுகிறது. நோட்டில் "டானின்: உண்டு" என்று எழுதுகிறாள். இன்னொரு குழாயில் சாற்றை ஊற்றிக் குலுக்குகிறாள், நுரை நிற்கிறது. "சப்போனின்: உண்டு."

இரும்பைக் கண்டதும் கருப்பது ஆவாரைக்குப் புதிதல்ல. இலையைவிடப் பட்டையில் டானின் அதிகம். ஒரு காலத்தில் தென்னாட்டுத் தோல் ஷாப்புகள் ஆவாரம்பட்டையை நம்பித்தான் நடந்தன. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலை ஆரம்பித்து வைத்தார். வேகமும் லாபமும் அந்தப் பக்கம் இருந்தன, ஆவாரம்பட்டை மெல்ல ஒதுங்கியது. அந்தக் குரோமியம் இந்தக் கதைக்குள் இன்னொரு வாசல் வழியாகவும் வரும்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் இருவரும் நகரவில்லை. ஐந்து பீக்கர்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு மோலார். முதல் பீக்கரில் வெறும் அமிலம். இரண்டாவதிலிருந்து ஆவாரைச் சாறு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது; கடைசி பீக்கர் கட்டங்காப்பி நிறம். தகடுகளை நூலில் கட்டி, கண்ணாடிக் கம்பியில் தொங்கவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக இறக்குகிறார்கள். இறக்கிய நேரம் தனித்தனியாக நோட்டில் ஏறுகிறது.

முதல் பீக்கரில் தகடு நனைந்த மாத்திரத்தில் குமிழி கிளம்பியது. இரும்பு கரையக் கரைய ஹைட்ரஜன் வெளியேறுகிறது. தகட்டின் இரண்டு பக்கமும் சரம்சரமாகக் குமிழி, மேலே வந்து உடைகிறது. இரண்டாவதில் அவ்வளவு இல்லை. நான்காவதில் எண்ணிவிடலாம். ஐந்தாவதில் நிறத்தின் அடர்த்தியில் தகடே மங்கலாகத்தான் தெரிகிறது; குனிந்து, கன்னத்தை மேசையில் வைத்துப் பார்க்கிறாள் தகடு தேய்த்தவள்.

"இதுல வரவே மாட்டேங்கு பாரேன்."

அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. இந்தச் சோதனையின் கவர்ச்சியே இதுதான். கம்ப்யூட்டர் திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்து நம்ப வேண்டியதில்லை. ஓர் இலை அமிலத்தின் வாயைக் கட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நடப்பது இவ்வளவுதான். இரும்பின் மேற்பரப்பில் அமிலம் வந்து வேலை செய்யும் இடங்கள் இருக்கின்றன. இலைச் சாற்றில் உள்ள மூலக்கூறுகளில் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. இரும்போடு பகிர்ந்துகொள்ள அவற்றிடம் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அமிலம் வருவதற்குள் அவை போய் ஒட்டிக்கொள்கின்றன. திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதுதான். ஒரு சீட்டுக்கு ஒரு துண்டு, மடியில் உட்கார இடமில்லை, எல்லாச் சீட்டும் ஒரே தரம் என்று வைத்துக்கொண்டு இர்விங் லாங்மியூர் 1918இல் ஒரு சமன்பாடு எழுதினார். 1932இல் நோபல் பரிசும் பெற்றார். உலகத்து இலை ஆய்வுகளில் பெரும்பாலானவை கடைசியில் ஒரு நேர்க்கோட்டைப் போட்டு, "லாங்மியூர் சமன்பாட்டுக்குப் பொருந்துகிறது" என்று முடியும். இவர்களுடையதும் அப்படித்தான் முடியும். சூடு ஏறினால் துண்டுகள் பறந்துவிடும் என்பதும் அதே கட்டுரைகளில், இரண்டு பக்கம் தள்ளி, ஓர் அட்டவணையில் இருக்கும்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தகடுகளை எடுத்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி தராசு, மறுபடி "அண்ணாச்சி, ஃபேன்". கணக்கு எளிது. வெறும் அமிலத்தில் 100 மில்லிகிராம் கரைந்து, சாறு விட்டதில் 12 மட்டும் கரைந்தால், காப்புத்திறன் 88 விழுக்காடு. கால்குலேட்டரைத் தட்டியவள் மற்றவளிடம் திரையைத் திருப்பிக் காட்டுகிறாள். இருவரும் கையைத் தட்டிக்கொள்கிறார்கள்.

அண்ணாச்சி அருகில் வந்தார். காலையிலிருந்து விசிறி போட்டு அணைத்த மனிதருக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு.

"ஏம்மா, அப்ப இதை ஊத்துனா எங்க வீட்டு போர் பைப்பு துருப் பிடிக்காதா?"

"இல்ல அண்ணாச்சி, அது தண்ணித் துரு. இது ஆசிட்டுல இரும்பு கரையாம இருக்கதுக்கு."

"இரும்பை எதுக்கு ஆசிட்டுல போடணும்?"

"இண்டஸ்ட்ரில போடுவாங்க அண்ணாச்சி."

"எங்க?"

அவள் தோழியைப் பார்த்தாள். தோழி பீக்கரைக் கழுவப் போய்விட்டாள்.

பெஞ்சில் இருந்த எனக்கு வாய் துறுதுறுத்தது. பார்க்க வந்தவன் பாடம் நடத்தக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். சொல்ல நினைத்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

உருக்காலையில் இருந்து வரும் கம்பி, தகடு எல்லாவற்றின் மேலும் கருஞ்செதில் படிந்திருக்கும். நாக முலாம் பூசுவதற்கு முன்னால் அதை அமிலத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். செதில் போனதும் அமிலம் நிற்காது, நல்ல இரும்பையும் தின்னும். அதனால் தடுப்பு மருந்து சேர்ப்பார்கள். எண்ணெய்க் கிணற்றில் பாறையைக் கரைக்க அமிலம் இறக்கும்போதும் அப்படியே. 1932இல் அமெரிக்காவின் மிச்சிகனில் டவ் கம்பெனி இறக்கியபோது குழாயைக் காக்கச் சேர்த்தது ஆர்சனிக். இவ்வளவு தூரம் போக வேண்டாம். சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். பாவு நூலுக்குக் கஞ்சி போட நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும். இந்தப் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு பாய்லர் குழாய்க்குள் கல்லாக இறுகும். அதைக் கரைப்பது அமிலம். கழுவுகிறபோது குழாய் மெலியாமல் இருக்க ஒரு மருந்து தேவை. அண்ணாச்சி கேட்ட "எங்க?"வுக்குப் பதில் தறிச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் இருக்கிறது. கிராமத்து மோட்டார் பட்டறையில் பழைய பாகத்தின் துருவெடுக்க வாளியில் ஆசிட் ஊற்றுகிறவருக்குத் தடுப்பு மருந்து என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இலைதான் வேண்டும் என்று ஏன் அலைகிறார்கள்? பழைய மருந்துகளின் வரலாறு அப்படி. குளிர்விக்கும் நீரில் இரும்பைக் காக்கக் குரோமேட்டை மிஞ்ச ஆளில்லை என்ற காலம் இருந்தது. அந்த ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது விட்டுப்போன குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் தண்ணீர் இறங்கும். ஆவாரம்பட்டையைத் தோல் ஷாப்பிலிருந்து வெளியே அனுப்பிய குரோமியம் போன்ற நச்சு மருந்துகளுக்கு மாற்றாக ஆவாரை இலையையே இன்று பீக்கரில் இறக்குகிறார்கள் என்பதை அந்தப் பெண்களிடம் யாராவது சொல்லியிருந்தால், நோட்டில் இன்னும் நன்றாக எழுதியிருப்பார்கள்.

இலை வேட்டை தமிழ்நாட்டில் நெடுநாளாக நடக்கிறது. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஜி. சேதுராமனும் பி. போதி ராஜாவும் ஊமத்தை, எருக்கு, எட்டி, மிளகு என்று ஒவ்வொன்றாக அமிலத்தில் இறக்கிப் பார்த்தார்கள். இயற்கைப் பொருள்கள் உலோக அரிப்பைத் தடுப்பது பற்றி அவர்கள் 2008இல் 'மெட்டீரியல்ஸ் லெட்டர்ஸ்' இதழில் எழுதிய தொகுப்புக் கட்டுரையை இந்தத் துறையில் எழுதுகிறவர்கள் இன்றும் காட்டுகிறார்கள். கறிவேப்பிலையை வாரணாசியிலும், கீழாநெல்லியை நைஜீரியாவிலும், மருதாணியை எகிப்திலும் ஈரானிலும் செய்து பார்த்தாயிற்று. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துருவுக்கென்றே ஒரு பெரிய பிரிவை வைத்திருக்கிறது. துருவால் உலகத்துக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு 2.5 லட்சம் கோடி டாலர், உலக உற்பத்தியில் 3.4 விழுக்காடு என்று 2016இல் உலோக அரிப்புப் பொறியாளர்களின் நேஸ் அமைப்பு கணக்குச் சொன்னது. எனவே வேலை அற்பமானதல்ல. சிற்றூர்க் கல்லூரிகள் இதை விரும்புவதற்கு இன்னொரு நேர்மையான காரணம்: இலை இலவசம், அமிலம் மலிவு, தராசு ஒன்று போதும். கோடி ரூபாய்க் கருவி இல்லாத இடத்திலும் உண்மையான அறிவியல் செய்யலாம். இதைக் கேலி செய்கிறவர்கள் முதலில் அந்தத் தகட்டைத் தேய்த்துப் பார்க்கட்டும்.

மூன்று மணிக்கு இலைக்காரி பக்கத்து அறைக்குப் போனாள். நுண்ணுயிரியல் துறை. கதவு திறந்தே இருந்தது, பெஞ்சின் மறுமுனைக்கு நகர்ந்துகொண்டேன். முந்தின நாள் இன்குபேட்டரில் வைத்த பெட்ரி தட்டுகளை வெளியே எடுக்கிறாள். அகார் மேல் பாக்டீரியா வெள்ளைப் படலமாகப் படர்ந்திருக்கிறது. ஆவாரைச் சாற்றில் நனைத்து வைத்த சின்ன வட்டக் காகிதங்களைச் சுற்றி மட்டும் படலம் இல்லை, தெளிவாக ஒரு வளையம். ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் அளக்கிறாள். ஸ்டஃபைலோகாக்கஸ் தட்டில் வளையம் பெரிது, ஈ. கோலை தட்டில் சிறிது. ஈ. கோலைக்கு வெளியே கூடுதலாக ஒரு உறை உண்டு, மருந்து எளிதில் நுழையாது. ஓரத்தில் ஆன்டிபயாடிக் வட்டு ஒன்று. அதன் வளையம் இரண்டையும்விட அகலம். அதைப் பார்க்கும்போது மட்டும் அவள் உதட்டைப் பிதுக்கினாள். செடி தன்னைப் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் தின்னக் கொடுக்காமல் இருக்கச் சேர்த்து வைத்த சரக்குதான் இங்கே பாக்டீரியாவிடமும் அங்கே அமிலத்திடமும் வேலை காட்டுகிறது.

இரண்டு சோதனைக்கும் நேரடி உறவும் உண்டு. மண்ணுக்குள், ஆக்சிஜன் இல்லாத இடத்தில், சல்பேட்டைத் தின்று வாழும் பாக்டீரியா இரும்புக் குழாயை அரிக்கும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1934இலேயே இதை விளக்கினார்கள். பழைய போர் பைப்பைப் பிடுங்கும்போது கறுப்புச் சகதியும் அழுகின முட்டை வாடையும் வருகிறதே, அந்த ஆள்தான். அண்ணாச்சி கேட்டது முழுக்க அசட்டுக் கேள்வி இல்லை. ஆனால் அந்த பாக்டீரியாவை வளர்க்கக் காற்றுப் புகாத ஏற்பாடு வேண்டும், சின்னக் கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் எங்கும் கிடைக்கிற ஸ்டஃபைலோகாக்கஸும் ஈ. கோலையும் தட்டில் ஏறுகின்றன. இரும்பின் எதிரி வேறு, இங்கே அடிபடுகிறவர் வேறு.

பிறகுதான் அது நடந்தது. மேலும் இரண்டு வட்டு நனைக்க, அவள் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். மேலே ஆவாரை என்றும் ஒரு தேதியும் ஒட்டியிருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சாற்றின் மேல் பஞ்சுப் பஞ்சாக வெள்ளைப் பூஞ்சை. அவள் ஒரு கணம் பார்த்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். சிங்க்கில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். நோட்டைத் திறக்கவில்லை.

அந்த நோட்டில் எழுதியிருக்க வேண்டிய மிக முக்கியமான வரி அதுதான் என்பது என் கட்சி. இலைச் சாறு அமிலத் தொட்டிக்குப் போய்ச் சேராததற்கு முதல் காரணம் அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது. பத்து நாள் தாங்காத சரக்கை எந்த பாய்லர்காரர் வாங்கி வைப்பார்? ஆனியில் பறித்த இலையும் மாசியில் பறித்த இலையும் ஒரே அளவு டானினைக் கொடுக்குமா? கந்தக அமிலத் தொட்டிகள் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் துண்டு நிற்குமா? கழிவோடு போகும் கஷாயம் ஓடையில் ஆக்சிஜனைக் குடிக்காதா? 'பசுமை' என்ற சொல்லை ஒட்டிவிட்டால் எட்டியும் ஊமத்தையும் விஷம் இல்லாமல் போய்விடாது. இவற்றுக்குப் பதில் தேடுகிற கட்டுரைகள் குறைவு. புது இலை, புது விழுக்காடு, புது நேர்க்கோடு என்று போகிற கட்டுரைகள் மலிவு. மேற்பார்வையாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தலைப்பு வேண்டும், செடிகளுக்குக் குறைவில்லை.

நாலே முக்காலுக்குப் பேராசிரியை வந்தார். நோட்டைப் புரட்டினார்.

"எவ்வளவும்மா வந்துச்சு?"

"எண்பதுக்கு மேல மேடம்."

"நல்லாருக்கு. ஆன்டிபாக்டீரியல்?"

"ரெண்டுலயும் ஜோன் இருக்கு மேடம்."

"சரி, எழுத ஆரம்பிச்சிருங்க. ஜூனியருக்கு வேற இலை சொல்லணும். குப்பைமேனி பண்ணியாச்சா யாராவது?"

சான்றிதழ் தயார் என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

மேடத்திடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. இதைப் படிக்கும் மேடங்களும் சார்களும் கேளுங்கள். அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் குப்பைமேனி வேண்டாம். ஆவாரையையே கொடுங்கள். பூஞ்சை பிடிக்காமல் மூன்று மாதம் அதை வைத்திருப்பது எப்படி என்பதைத் தலைப்பாகக் கொடுங்கள். பொடியாக்கலாமா, பருவத்துக்குப் பருவம் எவ்வளவு மாறுகிறது, 60 டிகிரியில் என்ன ஆகிறது என்று பார்க்கட்டும். ஒரு நாள் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாய்லர் கழுவுகிற இடத்துக்குப் போய், அவர்கள் இப்போது என்ன மருந்து ஊற்றுகிறார்கள், லிட்டர் என்ன விலை என்று கேட்டு எழுதி வாருங்கள். கூட லேப் அண்ணாச்சியையும் அழைத்துப் போங்கள். சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.